பேர் தெரியாத ஆப்பிரிக்கன்

வரவு செலவு, பாலன்ஸ் ஷீட் எல்லாவற்றுக்கும் இந்த வாரம் லீவு. இது ஒரு மீனைப் பற்றிய பதிவு. குழம்பு மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் நீந்துகிற மீன்.

மீன் தொட்டி வைத்திருக்கிற வீடுகளுக்குப் போனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இது கோல்டு, இது ஏஞ்சல், இது மோலி, இது கப்பி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஒரு மீனிடம் வந்ததும் "இது ஏதோ ஆப்பிரிக்கன்" என்று கையைக் காட்டிவிட்டு காபி சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள். உங்களை ஒருத்தர் "இவரு ஏதோ ஆசியாக்காரர்" என்று அறிமுகப்படுத்தினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான்.

புவனகிரியில் எங்கள் வீட்டுத் தொட்டியிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார். அவருக்குப் பேர் கண்டுபிடித்த கதைதான் இது. சும்மா பொழுதுபோகாமல் பேர் தேடவில்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அவரை வெள்ளாற்றில் விட்டுவிடுவது என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். எனக்குக் கையில் இருந்தது 2 வாரம்.

தொட்டி வந்த கதை

தொட்டி என் மாமாவுடையது. சிதம்பரத்தில் வேலையில் இருந்தார். போன வருஷம் ஓசூருக்கு மாற்றல் ஆனது. சாமான் ஏற்றிய வண்டியில் 3 அடி கண்ணாடித் தொட்டியைக் கொண்டுபோக முடியாது என்று எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். கூடவே 7 மீன்கள், ஒரு பில்டர், ஒரு டப்பா தீனி. "தண்ணிய முழுசா மாத்தாதடா, வாரத்துக்கு கால்வாசி மட்டும் மாத்து" என்று ஒரு உபதேசம்.

7 மீனும் அச்சு அசலாக ஒரே மாதிரி. வெளிர் நீல உடம்பு, மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள். நீளம் ஒரு சுண்டு விரல் அளவு. மாமா வாங்கியபோது கடையில் கொடுத்த துண்டுச்சீட்டு தீனி டப்பாவுக்குள் கிடந்தது. "ஆப்பிரிக்கன் 4 ஜோடி" என்று எழுதி விலை போட்டிருந்தது. இன்வாய்ஸ் நம்பர் இல்லை, சரக்கு விவரம் இல்லை. பி.காம். படிக்கிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதானே.

2 மாசம் கழித்து இருப்பதிலேயே பெரிய மீன் நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் வயிற்றுப் பக்கம் அழுக்குப் படிந்த மாதிரி இருந்தது. அப்புறம் முதுகு. 5 வாரத்தில் நீலம் சுத்தமாகப் போய், மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகிவிட்டது. பட்டைகள் மங்கிப் பழுப்புக் கோடாக நின்றன.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. ஆயா பார்த்த உடனே சொல்லிவிட்டது: "காமாலடா அது. கீழாநெல்லிய அரைச்சு ஊத்து." அம்மாவுக்கு போர் தண்ணி மேல் சந்தேகம். மீன் கடை அண்ணனிடம் போனில் படம் காட்டினேன். "தம்பி, யாரோ வேற மீன மாத்தி வுட்டுட்டாங்க" என்றார். எங்கள் வீட்டில் ராத்திரியில் வந்து மீன் மாற்றிவைத்துவிட்டுப் போகிற திருடன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை :-)

நிறம் மாறினதோடு குணமும் மாறியது. நடுவில் இருந்த உடைந்த பூந்தொட்டியை மஞ்சளார் பிடித்துக்கொண்டார். மற்ற 6 மீனும் பில்டர் மூலையில் ஒதுங்கின. யார் வெளியே வந்தாலும் துரத்தல். 2 மீனுக்கு வால் கிழிந்தது. ஒரு நாள் காலையில் ஒன்று செத்து மிதந்தது.

அம்மா அன்றைக்குத்தான் சொன்னார்கள்: "ஒன்னுக்காக மத்தது எல்லாம் சாவணுமா? ஆடிப்பெருக்குக்கு ஆத்துக்குப் போறப்ப கொண்டுபோய் விட்டுடு. அதுவும் பொழச்சிக்கும், நமக்கும் பாவம் வேணாம்." பக்கத்து வீட்டு அக்காவும் "புண்ணியம் தம்பி" என்றார்கள். கொல்லாமல் விடுவது நல்ல மனசுதான். ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிய வேண்டாமா?

மூக்கைப் பார்த்துக் குடும்பம் சொல்வது

போனில் படம் காட்டினால் பேர் சொல்லும் ஆப்களை முதலில் கேட்டேன். பக்கவாட்டுப் படத்துக்கு ஒரு பேர், தீனி தின்னும்போது எடுத்த படத்துக்கு வேறு பேர், லைட் போட்டு எடுத்தால் மூன்றாவது பேர். அதற்குக் காரணம் உண்டு. இந்த வகை மீன்களில் பல இனங்களுக்கு உடம்பு வடிவம் ஒன்றுதான். நிறமோ கோபம் வந்தால் ஒன்று, பயந்தால் ஒன்று. அதனால் நிறத்தை ஓரமாக வைத்துவிட்டு, மாறாத உறுப்புகளிலிருந்து தொடங்கினேன்.

முதல் கேள்வி: இது சிக்லிட் குடும்பம்தானா?

இதற்கு எளிதான ஒரு அடையாளம் இருக்கிறது. பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கமும் 2 மூக்குத் துவாரம் இருக்கும். சிக்லிட்டுகளுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். படித்ததை நம்பாமல் மார்க்கெட்டிலிருந்து வந்த கெண்டையையும் ஜிலேபியையும் அம்மா அரிவாள்மனையில் வைப்பதற்கு முன் வாங்கிப் பார்த்தேன். கெண்டைக்கு இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2. ஜிலேபிக்குப் பக்கத்துக்கு ஒரே துளை. தொட்டியிலிருந்த மஞ்சளாருக்கும் ஒரே துளை.

இரண்டாவது அடையாளம் பக்கக்கோடு. மீனின் செவுளிலிருந்து வால் வரை செதில்களில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடும். தண்ணீரின் அசைவை உணர்கிற உறுப்பு அது. கெண்டைக்கு அது ஒரே கோடாகப் போகும். சிக்லிட்டுகளுக்கு முதுகுப்பக்கம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும், பிறகு கீழே இறங்கி வால்பக்கம் மறுபடி தொடங்கும். ஜிலேபியில் இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்த முறை வீட்டில் மீன் வாங்கும்போது பாருங்கள்.

ஆக, குழம்புச் சட்டிக்குப் போன ஜிலேபியும் தொட்டியில் இருந்த மஞ்சளாரும் ஒரே குடும்பம். ஜிலேபியின் முழுப் பேர் மொசாம்பிக் திலாப்பியா. பேரிலேயே ஆப்பிரிக்கா இருக்கிறது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது கேள்வி: ஆப்பிரிக்காதானா?

சிக்லிட்டுகள் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மடகாஸ்கர் எல்லாம் உண்டு. இந்தியாவுக்குச் சொந்தமானவை 3 இனம்தான். கேரளாக்காரர்கள் கரிமீன் என்று உயிரை விடுகிற மீன் அதில் ஒன்று. தொட்டிக்காரர்கள் ஆரஞ்சு குரோமைட் என்று விற்கிற சின்ன மீன் இன்னொன்று. மூன்றாவது கர்நாடகப் பக்கம். மூன்றிலும் சேராது என்பது உடம்பைப் பார்த்தாலே தெரிந்தது. அவை தட்டை வட்டமாக இருக்கும், நம்ம ஆள் நீளவாக்கு.

ஆப்பிரிக்கா என்று சொல்ல இன்னொரு தடயம் இருந்தது. வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் இருக்கும் துடுப்பில் ஆரஞ்சு மஞ்சளில் 3 உருண்டைப் புள்ளிகள், முட்டை மாதிரியே. கிழக்கு ஆப்பிரிக்க ஏரிகளின் ஒரு பெரிய சிக்லிட் பிரிவுக்கு இந்த முட்டைப் புள்ளிகள்தான் முத்திரை. அந்த மீன்களில் பெண் முட்டையிட்ட உடனே அதை வாயில் எடுத்து வைத்துக்கொள்ளும். ஆணின் துடுப்பில் இருக்கும் புள்ளியையும் முட்டை என்று நினைத்துக் கவ்வப் போகும்போது விந்து வாய்க்குள் போய் முட்டை கருவுறுகிறது என்பது பல வருஷமாகச் சொல்லப்படும் விளக்கம். பெண்களுக்கும் மங்கலாகச் சில புள்ளிகள் இருக்கலாம், அதனால் புள்ளியை மட்டும் வைத்து ஆண் பெண் முடிவு செய்யக்கூடாது.

எந்த ஏரி?

கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா, டாங்கனிக்கா, மலாவி என்று 3 பெரிய ஏரிகள். சிக்லிட்டுகளுக்கு இவைதான் கோட்டை. மலாவி ஏரியின் நீளம் சுமார் 580 கி.மீ. சென்னையில் தலை வைத்தால் கால் மதுரையைத் தாண்டிவிடும். ஆழம் 700 மீட்டர். அதில் மட்டும் 800-க்கு மேல் சிக்லிட் இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலானவை உலகத்தில் வேறு எங்கும் இல்லாதவை.

மலாவியில் கரையோரப் பாறைகளில் வாழ்கிற கூட்டத்துக்கு அந்த ஊர் டோங்கா மக்கள் வைத்த பேர் 'ம்புனா'. பாறை மீன் என்று அர்த்தம். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும், ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும். நம்ம பூந்தொட்டி ஜமீன்தாருக்கு இது அப்படியே பொருந்தியது. நம் ஊர்க் கடைகளில் 'ஆப்பிரிக்கன்' என்று கலந்து விற்பதில் ரொம்பவும் ம்புனாக்கள்தான்.

இனி கழித்தல் கணக்கு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற மஞ்சள், நீல ம்புனாக்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தேன்.

எலக்ட்ரிக் எல்லோ: எலுமிச்சை மஞ்சள், முதுகுத் துடுப்பில் கறுப்புப் பட்டை. ஆனால் இது குட்டியிலிருந்தே மஞ்சள். நீலமாகத் தொடங்காது. அடி.

ஆரட்டஸ்: குட்டியும் பெண்ணும் பொன் மஞ்சள், ஆண் வளர்ந்ததும் கறுப்பு. நிறம் மாறுவது உண்மைதான், ஆனால் நேர் எதிர்த் திசையில். தவிர அதற்குக் கோடுகள் நீளவாக்கில், நம்மவருக்கு மேலிருந்து கீழ். அடி.

டெமசோனி: நீலத்தில் கறுப்புப் பட்டை. 7 மீனும் நீலமாக இருந்தபோது பார்த்திருந்தால் இதில் விழுந்திருப்பேன். ஆனால் ஆணும் பெண்ணும் கடைசிவரை நீலம்தான். அடி.

ரெட் ஜீப்ரா: ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் வரும். பட்டையோடு நீலமாக இருந்து மஞ்சளாவது இதன் வழக்கம் இல்லை. அடி.

கடைசியில் மிஞ்சியது கென்யி. 1977-ல் பர்ஜஸ் என்பவர் அறிவியல் பேர் வைத்தபோது சூடோட்ரோபியஸ் லொம்பார்டோய். இப்போது மேலாண்டியா லொம்பார்டோய். குட்டிகள் எல்லாம் வெளிர் நீலம், கறுப்புப் பட்டை. பெண்கள் அப்படியே இருந்துவிடும். ஆண் வளரும்போது மஞ்சளாக மாறும். ம்புனாக்களில் ஆண் நீலமாகவும் பெண் வேறு நிறமாகவும் இருக்கிற இனங்கள் நிறைய. இது தலைகீழ். முரட்டுத்தனத்தில் ம்புனாக்களுக்குள்ளேயே பேர் போனது.

அப்படியென்றால் காமாலையும் இல்லை, திருடனும் இல்லை. பையன் வயசுக்கு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி சொல்ல வந்தது ஒரு நீல மீன். 6 நாளாகத் தீனி தின்னாமல் மூலையில் நின்றது. சீக்கு என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தால் தாடை உப்பிப் பை மாதிரி தொங்குகிறது, உள்ளே எதையோ மெல்லுகிற மாதிரி அசைவு. டார்ச் அடித்தபோது உள்ளே உருண்டை உருண்டையாக முட்டைகள். இந்த மீன்கள் சுமார் 3 வாரம் வாயில் வைத்தே அடைகாக்கும். அத்தனை நாளும் பட்டினி. மஞ்சள் ஆண், நீலப் பெண், வாயில் முட்டை. மூன்றும் ஒரே பதிலைக் காட்டின.

வவுச்சர் எங்கே?

இங்கேயே முடித்துவிட்டு "கண்டுபிடிச்சாச்சு!" என்று போட்டிருக்கலாம். ஆனால் ஆடிட்டிங் வகுப்பில் ஒன்று சொல்லித் தந்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் போதாது, ஒவ்வொரு பதிவுக்கும் வவுச்சர் வேண்டும். எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, யார் கொடுத்தது.

மீனுக்கும் அதுவேதான் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. உயிரியல்காரர்களும் 'வவுச்சர்' என்ற அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு இனத்தை இன்னது என்று சொன்னால், அந்த உடலைப் பாட்டிலில் போட்டு, பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பேர் எழுதி அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். அதுதான் வவுச்சர். பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

நம்ம பக்கத்தில் இதற்குப் பழைய உதாரணமே உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் இந்தக் கரையின் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். பிளாக் அவற்றுக்குப் பேர் வைத்து நூல் எழுதினார், ஒரு மீன் பேரினத்துக்கு ஜானின் பேரையே 'ஜானியஸ்' என்று சூட்டினார். பிளாக்கின் மீன் சேகரிப்பு இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 200 வருஷத்துக்கு மேல் ஆன வவுச்சர்! இங்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் பாட்டில் பாட்டிலாக மீன்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

சரி, மஞ்சளாருக்கு என்ன வவுச்சர் இருக்கிறது? தீனி டப்பாவில் கிடந்த துண்டுச்சீட்டு. அதில் எழுதியிருப்பது "ஆப்பிரிக்கன்". கடை அண்ணன் சென்னை கொளத்தூரிலிருந்து எடுத்தேன் என்கிறார். வண்ண மீன் வியாபாரத்துக்குக் கொளத்தூர் பேர் போன இடம். ஆனால் அங்கே வந்த தாய் மீன் எங்கே பிறந்தது, அதன் தொட்டியில் வேறு இனம் இருந்ததா என்பதற்கு ஒரு வரி எழுத்து கிடையாது.

இது ஏன் முக்கியம் என்றால், ம்புனாக்கள் ஒன்றோடொன்று கலந்து குட்டி போடும். ஏரியில் பெண் தன் இனத்து ஆணைத்தான் தேர்ந்தெடுக்கும். 3 அடி தொட்டியில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? இருக்கிற ஆண்தான் ஆண். கென்யியும் ஜீப்ராவும் கலந்த குட்டி கிட்டத்தட்ட கென்யி மாதிரியே இருக்கலாம். அதன் குட்டி இன்னும் கிட்டத்தட்ட. மூக்குத் துளையும் முட்டைப் புள்ளியும் இதைச் சொல்லாது.

பேரே எவ்வளவு வழுக்கலானது பாருங்கள். 'கென்யி' என்றவுடன் கென்யா நாடு என்று தோன்றும். அந்த மீனுக்கும் கென்யாவுக்கும் சம்பந்தமே இல்லை. மலாவி ஏரியில் அது வாழ்கிற ம்பென்ஜி தீவின் பேர் வியாபாரிகள் வாயில் தேய்ந்து கென்யி ஆனது என்கிறார்கள். அறிவியல் பேரிலும் அடிதடி உண்டு. 1984-ல் வைத்த மேலாண்டியாதான் சரி என்று ஒரு கட்சி, 1997-ல் வைத்த மெட்ரியாக்லிமாதான் சரி என்று இன்னொரு கட்சி. புத்தகத்துக்குப் புத்தகம் மாறும்.

அதனால் என் நோட்டில் நான் எழுதியது இதுதான்: "கென்யி போன்றது. ஆண். பிறந்த இடம் தெரியாது." 'போன்றது' என்ற சொல் எனக்கு உறுத்தவில்லை. கையில் உள்ள வவுச்சருக்கு அவ்வளவுதான் எழுத முடியும்.

ஆறு என்ன சொல்கிறது?

ஆடிப்பெருக்குக்கு 4 நாள் இருக்கும்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஆப்பிரிக்காக்காரர் என்றதும் ஆயா கேட்டது: "அதுக்கென்ன, ஆத்துல எல்லா மீனும்தான் இருக்கு. நம்ம ஜிலேபி இல்ல?"

'நம்ம' ஜிலேபி! அங்கேதான் விஷயமே இருக்கிறது. மொசாம்பிக் திலாப்பியா இந்தியாவுக்கு வந்தது 1952-ல். பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவந்தார்கள், ராமநாதபுரம் பக்கம் மண்டபத்துக்கும் அந்த வருஷமே வந்தது. மலிவான புரதம் மக்களுக்குக் கிடைக்கும் என்ற நல்ல எண்ணம்தான். ஆயா பிறந்தது 1950. "நீ பொறந்து 2 வருஷம் கழிச்சுதான் ஆயா அது இந்தியாவுக்கே வந்துச்சு" என்றேன். ஆயாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

வந்த 10 வருஷத்துக்குள்ளேயே வினை தெரிந்துவிட்டது. ஜிலேபியும் முட்டையை வாயில் வைத்துக் காக்கிற மீன், அதனால் குஞ்சு பிழைப்பது அதிகம். சின்ன வயசிலேயே முட்டை போடும். உப்புத் தண்ணீரும் தாங்கும். ஒரு குளத்தில் விட்டால் குளம் முழுக்க உள்ளங்கை அளவுக் குட்டிகளாக நிறைந்துவிடும், மற்ற மீனுக்கு இடம் இருக்காது. 1959-லேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பக்கூடாது என்று முடிவெடுத்தது. ஆறு முடிவைப் படிக்குமா? இன்றைக்கு உலகத்தின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கும் இடம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. இங்கே தொல்லையாக நிற்கிற அதே மீன், தன் சொந்த ஊரான தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில் ஆபத்தில் இருக்கிறது. பண்ணைகளிலிருந்து தப்பிய நைல் திலாப்பியா அதோடு கலந்து கலந்து, கலப்பில்லாத மொசாம்பிக் திலாப்பியா குறைந்துகொண்டே வருகிறது. நம் ஊரிலும் நைல் வகை வந்துவிட்டது. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் 'கிஃப்ட்' என்ற மேம்படுத்திய நைல் திலாப்பியாவை விஜயவாடா பக்கம் உற்பத்தி செய்து பண்ணைகளுக்குத் தருகிறது. நைல் வகைக்கு வாலில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடு இருக்கும், மொசாம்பிக்குக்கு அது கிடையாது. மார்க்கெட்டில் ஜிலேபிக் குவியலைப் பார்த்தால் வாலில் கோடு இருப்பதும், இல்லாததும், அரைகுறையாக இருப்பதும் கலந்தே கிடக்கிறது.

இது பண்ணை மீன் கதை என்று தள்ள முடியாது. கடையில் 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் விற்கிற மீன் ஒன்றரை அடி வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சென்னை ஏரிகளில் வலை போட்டால் இப்போது அது வருகிறது. முள்ளுத் துடுப்பு வலையைக் கிழிக்கும், விலையும் போகாது.

ஆப்பிரிக்காவின் கதை இதைவிடக் கொடூரம். 1950-களில் விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனை விட்டார்கள். 1980-களில் அது பெருகித் தள்ளியது. அந்த ஏரிக்கே உரிய சிக்லிட்டுகளில் சுமார் 200 இனங்கள் காணாமல் போயின என்று கணக்கிடுகிறார்கள். பலவற்றுக்குப் பேர் வைப்பதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது.

"ஒரே ஒரு மீனுடா" என்றார்கள் அம்மா. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய முட்டையோடு நிற்கிற ஒரு பெண் மீன் கணக்குக்கு ஒன்றுதான், ஆற்றில் விட்டால் ஒரு குடும்பம். தவிர, நோட்டில் 'போன்றது' என்று எழுதிய மீனை எந்தத் தைரியத்தில் ஆற்றில் விடுவது? வங்கியில் கடன் கேட்டு வருகிறவரிடம் 'ஆதார் போன்றது' இருந்தால் கொடுப்பார்களா? ஆறு நம்மிடம் பேப்பர் கேட்காது என்பதற்காக நாம் கொடுக்காமல் இருக்கலாமா?

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அப்ப அடிச்சிக்காம இருக்கறதுக்கு வழியப் பாரு" என்றார்கள்.

வழி

பார்த்த வழிகளைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் ஆப்பிரிக்கன் இருந்தால் உதவும்.

1. பூந்தொட்டியை எடுத்துவிட்டுப் பாறைக்கற்களை அடுக்கி நிறையப் பொந்து வைத்தேன். ஒரே ஒரு வீடு இருந்தால்தானே சண்டை. கற்களை இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லையும் மறந்துபோகும்.

2. தீனியில் பாசி வகையைக் கூட்டினேன். ம்புனாக்கள் பாசி தின்று பழகிய குடல். புழுவும் இறைச்சியும் அதிகமானால் வயிறு ஊதிச் சாகும்.

3. மலாவி ஏரித் தண்ணீர் கடினத்தன்மை உள்ளது, பி.எச். 8 பக்கம். பாத்திரத்தில் வெள்ளை படிகிற எங்கள் போர் தண்ணி இதற்கு ஒத்துப்போகிறது. நம்மைக் குடிக்கவிடாத தண்ணீர் அவருக்கு அமிர்தம்.

4. முட்டை வைத்திருந்த பெண்ணைத் தனி டப்பாவில் பிரித்து வைத்தேன்.

5. மீன் வாங்கும்போது பேரை எழுதி வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் எங்கிருந்து எடுத்தார் என்றாவது எழுதச் சொல்லுங்கள். வளர்க்க முடியாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், இல்லை வளர்க்கிறவரைத் தேடுங்கள். ஆறு, குளம், வாய்க்கால் மட்டும் வேண்டாம்.

ஆடிப்பெருக்குக்கு ஆற்றுக்குப் போனோம். சித்ரான்னம் கட்டிக்கொண்டுதான் போனோம், பிளாஸ்டிக் கவரில் மீன் இல்லை. அதற்கு அடுத்த வாரம் டப்பாவில் இருந்த பெண் வாயைத் திறந்து குஞ்சுகளை விட்டது. எண்ணிப் பார்த்ததில் 17. எல்லாமே வெளிர் நீலம், நூல் மாதிரி கறுப்புப் பட்டை.

17-ஐயும் வைத்துக்கொள்ள 3 அடி தொட்டி போதாது. வகுப்பில் தொட்டி வைத்திருக்கிற நண்பன் ஒருவன் 5 கேட்டான், கொடுத்தேன். கவரோடு ஒரு சீட்டும் கொடுத்தேன். அதில் எழுதியது: "கென்யி போன்றது. அப்பா, அம்மா எங்கள் வீட்டுத் தொட்டி, புவனகிரி. தாத்தா பாட்டி விவரம் இல்லை. மஞ்சளானால் பயப்பட வேண்டாம். ஆற்றில் விட வேண்டாம்." கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

"என்னடா, மீனுக்கு டி.சி. குடுக்குற?" என்று சிரித்தான். சீட்டைப் பத்திரமாக வைத்திரு என்று சொல்லி அனுப்பினேன்.